குவார்ட்டர்பேக்கை வளர்த்தது யார்?

அமெரிக்கக் கால்பந்தில் ஜனவரி மாதம் ஆள் எடுக்கும் காலம். தோற்ற அணிகள் தலைமைப் பயிற்சியாளரை அனுப்பிவிட்டு அடுத்தவரைத் தேடும். ஒரு அஃபென்சிவ் கோஆர்டினேட்டருக்கு அப்போது கிடைக்கக்கூடிய ஆகப் பெரிய சிபாரிசு இதுதான்: "அந்தக் குவார்ட்டர்பேக்கை வளர்த்தவர் இவர்." இந்த ஒரு வரியை நம்பிப் பெரும் பணத்துக்கு ஒப்பந்தம் போடுகிறார்கள். அந்த வரி எவ்வளவு உண்மை என்று எடைபோடப் பழகிக்கொண்டால் ஆட்டம் பார்க்கும் சுவையே கூடிவிடும். பந்து போகும் திசையோடு, அதை எறிந்த கை யாரிடம் பாடம் கேட்டது என்பதும் கண்ணில் படத் தொடங்கும்.

ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காக முதலில் கொஞ்சம். தாக்கும் அணி ஒவ்வொரு முறை முன்னேற முயலும்போதும் பந்து பெரும்பாலும் முதலில் குவார்ட்டர்பேக்கின் கைக்கு வரும். மூன்று விநாடி அளவில் அவர் அதை எறிய வேண்டும், பக்கத்தில் ஓடுபவரிடம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் தானே ஓட வேண்டும். தயங்கினால் எதிரணியின் மலைபோன்ற ஆட்கள் வந்து சாய்த்துவிடுவார்கள். கோஆர்டினேட்டர் தாக்கும் தரப்பின் பொறுப்பாளர். அடுத்த உத்தி எது என்பதைப் பல அணிகளில் அவர்தான் முடிவு செய்வார். ஹெல்மெட்டுக்குள் பொருத்திய சின்னஞ்சிறு ஒலிபெருக்கி வழியாக அது குவார்ட்டர்பேக்கின் காதில் விழும். 1994 முதல் இந்த வசதி இருக்கிறது.

இதில் ஒரு விதியைக் கவனியுங்கள். ஒவ்வொரு முயற்சியையும் தொடங்கக் கிடைக்கும் 40 விநாடிக் கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது அந்த ஒலி இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். எதிரணி எப்படி நிற்கிறது, யார் பாய்ந்து வரப்போகிறார், முதலில் யாரைப் பார்ப்பது, அவர் மறிக்கப்பட்டால் அடுத்து யார் என்பதெல்லாம் அதற்குப் பிறகு அந்த இளைஞர் ஒருவரின் பொறுப்பு. கோஆர்டினேட்டர்களை எடைபோட நான் கையில் வைத்திருக்கும் படிக்கல் இந்த விதியிலிருந்து வந்ததுதான். காதில் குரல் இருக்கும்போது எவரும் நன்றாக ஆடலாம். குரல் அடங்கிய பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். அந்த 15 விநாடியிலும் பார்க்கலாம். பயிற்சியாளர் வேறு ஊருக்குப் போய்விட்ட ஆண்டுகளிலும் பார்க்கலாம்.

எல்லோரும் சொல்லும் உதாரணத்திலிருந்தே தொடங்குவோம். 2018இல் பஃபலோ பில்ஸ் அணி வயோமிங் பல்கலைக்கழகத்திலிருந்து ஜாஷ் ஆலனை, புது ஆட்டக்காரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில் 7ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அசுரத்தனமான கை, ஆனால் குறி நிற்காது. முதல் ஆண்டில் அவர் எறிந்தவற்றில் 52.8 விழுக்காடுதான் சக ஆட்டக்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்த்த டச்டவுன் 10, எதிரணி பறித்துக்கொண்ட இன்டர்செப்ஷன் 12. அடுத்த ஆண்டு 58.8 விழுக்காடு. 2020இல் 69.2 விழுக்காடு, 37 டச்டவுன், 10 இன்டர்செப்ஷன். மூன்று ஆண்டும் கோஆர்டினேட்டர் பிரையன் டேபோல்தான். 2022இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது.

எண்களைப் பார்த்தால் கதை முடிந்துவிட்டதுபோல இருக்கும். ஆனால் இது ஊர் கூடி இழுத்த தேர். 2019இல் நடுவில் நின்று காக்கும் மிட்ச் மோர்ஸ் வந்தார். பந்து பிடிக்க ஜான் பிரவுனும் கோல் பீஸ்லியும் வந்தார்கள். 2020இல் மினசோட்டாவிலிருந்து ஸ்டெஃபான் டிக்ஸ் வந்து சேர்ந்தார். அந்த ஆண்டு 127 பந்துகளைப் பிடித்து 1,535 யார்டு சேர்த்து, இரண்டிலும் லீக் முழுவதற்கும் முதலிடம் பிடித்தார். குவார்ட்டர்பேக் பயிற்சியாளராகக் கென் டோர்சி இருந்தார். ஆட்டமில்லாத மாதங்களில் ஜோர்டன் பால்மர் என்ற தனிப் பயிற்சியாளரிடம் ஆலன் உழைத்தார். இத்தனை கைகளில் டேபோலின் கை எது?

விடை தேட அவருடைய பழைய கணக்கையும் புரட்ட வேண்டும். பஃபலோவுக்கு முன் கிளீவ்லாந்து, மயாமி, கான்சஸ் சிட்டி என்று மூன்று அணிகளில் அவர் கோஆர்டினேட்டராக இருந்திருக்கிறார். அங்கெல்லாம் ஒரு குவார்ட்டர்பேக்கும் பெரிதாகத் தழைக்கவில்லை. 2012இல் கான்சஸ் சிட்டி 16 ஆட்டங்களில் இரண்டே இரண்டுதான் வென்றது. புகழ்ந்து எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கங்களைத் திருப்புவதில்லை. பூத்த செடியை மட்டும் காட்டும் தோட்டக்காரரிடம் காய்ந்த பாத்திகளையும் காட்டச் சொல்ல வேண்டும். அவரைக் குறைத்துச் சொல்ல இதைக் கேட்கவில்லை. எந்த மண்ணில், எந்த விதையோடு அவர் வென்றார் என்பது அப்போதுதான் தெரியும்.

பின்கணக்கு அதைவிடச் சுவையானது. டேபோல் போன பிறகு கோஆர்டினேட்டரான டோர்சி 2023 நவம்பரில், பருவத்தின் நடுவிலேயே நீக்கப்பட்டார். அந்த ஆண்டு ஆலன் 18 இன்டர்செப்ஷன் கொடுத்தார். அடுத்து ஜோ பிரேடி பொறுப்பேற்றார். 2024இல் டேபோலும் இல்லை, டிக்ஸும் இல்லை. ஆலன் 28 டச்டவுன் எறிந்து 6 இன்டர்செப்ஷன் மட்டும் கொடுத்து, லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதை வாங்கினார். கற்றது கையோடு தங்கிவிட்டது. என் கணக்கில் டேபோலின் பெயருக்கு இதுதான் வலுவான சான்று. 2020இன் பளபளப்பு இரண்டாம் பட்சம்.

ஜயன்ட்ஸில் அவருக்குக் கிடைத்த பாராட்டை நான் அந்த அளவுக்கு ஏற்கமாட்டேன். 2022இல் டேனியல் ஜோன்ஸ் 15 டச்டவுன், 5 இன்டர்செப்ஷனோடு ஒழுங்காக ஆடினார். அணி பிளே-ஆஃப் போயிற்று. டேபோல் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் ஆனார். ஆனால் அந்தப் பருவத்தில் உத்திகளை முடிவு செய்தவர் கோஆர்டினேட்டர் மைக் காஃப்கா. மறு ஆண்டு ஜோன்ஸ் ஆறு ஆட்டங்களில் 2 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன், கடைசியில் முழங்கால் காயம். 2024 நவம்பரில் அணி அவரை விடுவித்தது. ஒரே ஓர் ஆண்டின் உயர்வைப் பார்த்துத் தீர்ப்பு எழுதினால், குருவி உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகிவிடும்.

பதவியின் பெயரும் ஏமாற்றும். கான்சஸ் சிட்டியில் 2018 முதல் 2022 வரை கோஆர்டினேட்டர் எரிக் பியெனெமி. குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ். உத்தியை முடிவு செய்யும் பொறுப்பு தலைமைப் பயிற்சியாளர் ஆண்டி ரீடிடம் இருந்தது. 2017இல் ஏறக்குறைய முழுப் பருவமும் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்கார்ந்து மஹோம்ஸ் பாடம் கற்றபோது பியெனெமி அந்தப் பதவிக்கே வரவில்லை. 2023இல் அவர் வாஷிங்டன் போனார். அங்கே அவருக்குக் கிடைத்த சாம் ஹோவெல் 21 இன்டர்செப்ஷன் கொடுத்தார், 65 முறை சாய்க்கப்பட்டார். இரண்டிலும் அந்த ஆண்டு லீக்கில் அவருக்குத்தான் முதலிடம். இதை வைத்து பியெனெமியைத் தூக்கி எறியவும் கூடாது, மஹோம்ஸை வைத்து அவரைத் தலையில் தூக்கி வைக்கவும் கூடாது. யார் உத்தியை முடிவு செய்தார், தினமும் யார் அந்த இளைஞரோடு உட்கார்ந்து படம் போட்டுப் பார்த்தார் என்பதை முதலில் கேளுங்கள்.

சாய்க்கப்படுவதைப் பற்றி இன்னொன்று. 2002இல் புதிதாகப் பிறந்த ஹியூஸ்டன் டெக்சன்ஸ், டேவிட் காரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அந்த ஒரே பருவத்தில் அவர் 76 முறை தரையில் சாய்க்கப்பட்டார். அது இன்றும் லீக் சாதனை. கொழுகொம்பு இல்லாத கொடி அது. எந்தக் கோஆர்டினேட்டரையும் குறை சொல்லும் முன் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நின்று அவரைக் காக்கும் ஐந்து பேரைப் பாருங்கள்.

வளர்ப்பது வேறு, நன்றாகப் பயன்படுத்துவது வேறு. 2016இல் அட்லாண்டாவின் குவார்ட்டர்பேக் மேட் ரையன், கோஆர்டினேட்டர் கைல் ஷனஹானின் இரண்டாம் ஆண்டில் 38 டச்டவுன், 7 இன்டர்செப்ஷனோடு லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் ஆனார். முந்தின ஆண்டு அவர் கணக்கு 21, 16. அபாரமான வேலைதான், ஆனால் ரையன் அப்போது ஒன்பதாம் ஆண்டு ஆட்டக்காரர். ஷனஹான் போன பின் 2017இல் டச்டவுன் 20ஆக இறங்கியது. 2018இல், ஷனஹானுக்குப் பின் வந்த அதே கோஆர்டினேட்டரோடு, மறுபடி 35ஆக ஏறியது. அங்கே ஷனஹான் புது ஆட்டக்காரரை உருவாக்கவில்லை. இருந்த ஆட்டக்காரருக்கு ஏற்ற அரங்கைக் கட்டிக் கொடுத்தார். அதுவும் பெரிய திறமை. ஒன்றின் பெயரால் மற்றொன்றைப் பாராட்டாமல் இருந்தால் போதும்.

சரி, திரையில் எதைப் பார்ப்பது? பந்தைப் பின்தொடராதீர்கள். பந்து கைக்கு வந்ததும் குவார்ட்டர்பேக்கின் கால்களைப் பாருங்கள். பின்னோக்கி மூன்று அடி, அல்லது ஐந்து அடி. கடைசி அடி ஊன்றியதும் பந்து கிளம்ப வேண்டும். முதல் ஆள் மறிக்கப்பட்டிருந்தால் ஒரு சின்னத் துள்ளல், உடல் இரண்டாம் ஆள் பக்கம் திரும்பும். இன்னொரு துள்ளல், மூன்றாம் ஆள். நன்றாகப் பயின்றவரின் கால் தாளம் தப்பாது. பயிலாதவரின் கால்கள் சுடுமணலில் நிற்பதுபோலத் தவிக்கும். முதல் ஆள் கிடைக்காத உடனே ஓடத் தோன்றும். நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டிய ஆட்டம் இது; மூன்றாவது முயற்சி, இன்னும் எட்டு யார்டு தேவை என்ற நிலையில் கால்களைப் பாருங்கள். அவர் எறியத்தான் போகிறார் என்று தெரிந்து எதிரணி பாய்ந்து வரும் நேரம் அது. ஒரே இளைஞரை செப்டம்பரில் ஒரு முறையும் டிசம்பரில் ஒரு முறையும் இப்படிப் பார்த்தால், பட்டியல் காட்டாததைக் கால்கள் காட்டிவிடும்.

கால்களை இப்படிப் பாடமாக்கியவர்களில் தலையானவர் பில் வால்ஷ். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜோ மொன்டானாவை வைத்து லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை மூன்று முறை வென்ற தலைமைப் பயிற்சியாளராகத்தான் உலகுக்கு அவரைத் தெரியும். எனக்குப் பிடித்த வால்ஷ் அதற்கு முந்தியவர்: 1968 முதல் 1975 வரை சின்சினாட்டி பெங்கால்ஸில் பால் பிரவுனுக்குக் கீழே உதவியாளராக இருந்தவர்.

1969இல் அவருக்கு கிரெக் குக் என்ற பொன்கையர் கிடைத்தார். நீளமாக எறிவதில் ஈடில்லாத இளைஞர். மூன்றாவது ஆட்டத்திலேயே தோளில் அடிபட்டது. வலியோடு அந்தப் பருவத்தை ஆடி முடித்தார். அதன் பிறகு அந்தக் கை பழையபடி எழவே இல்லை. பதிலுக்கு 1970இல் வந்தவர் வர்ஜில் கார்ட்டர். நீளமாக எறிய முடியாது. ஆனால் கூரிய மூளை, குறி தப்பாத கை. கிடைத்த கைக்கு ஏற்ப வால்ஷ் ஆட்டத்தையே மாற்றினார். தூர எறிதலுக்குப் பதில் குறுகிய எறிதல், மைதானத்தின் அகலம் முழுவதையும் பயன்படுத்துதல், ஓடுபவரின் அடிக்கும் எறிபவரின் அடிக்கும் ஒரே தாளம். பின்னாளில் வெஸ்ட் கோஸ்ட் அஃபென்ஸ் என்று புகழ்பெற்ற முறைக்கு விதை விழுந்தது அங்கேதான். 1971இல் எறிதல் விழுக்காட்டில் லீக் முழுவதற்கும் முதலாவதாக வந்தார் கார்ட்டர்: 62.2.

அதே ஆண்டு இலினாயின் அகஸ்டானா என்ற சின்னக் கல்லூரியிலிருந்து கென் ஆண்டர்சன் மூன்றாம் சுற்றில் வந்தார். பெரிய மேடை பார்க்காத பையன். வால்ஷ் அவர் கால்களிலிருந்து தொடங்கினார். எறிதல் திறனை அளக்கும் பாஸர் ரேட்டிங்கில் 1974இலும் 1975இலும் லீக்கின் உயர்ந்த எண் ஆண்டர்சனுடையது. பால் பிரவுன் ஓய்வுபெற்றபோது தலைமைப் பதவி வேறொருவருக்குப் போயிற்று. வால்ஷ் சின்சினாட்டியை விட்டார். 1976இல் சான் டியாகோவில் ஒரே ஆண்டு கோஆர்டினேட்டர். முந்தின ஆண்டு 2 டச்டவுன், 10 இன்டர்செப்ஷன் என்று தடுமாறிய டேன் ஃபவுட்ஸ் அந்த ஆண்டு 14, 15 என்று நிமிர்ந்தார்.

இனிதான் நம் படிக்கல்லுக்கு வேலை. வால்ஷ் இல்லாத சின்சினாட்டியில் ஆண்டர்சன் சரிந்தார். 1978இல் 10 டச்டவுன், 22 இன்டர்செப்ஷன். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அணி தலா நான்கே ஆட்டங்கள் வென்றது. அத்தோடு கணக்கை மூடியவர்கள், அவர் வால்ஷின் நிழல் என்றே எழுதியிருப்பார்கள். ஆனால் 1981இல் வேறு பயிற்சியாளர்களின் கீழ், 32 வயதில், அவர் லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் ஆனார். மறு ஆண்டு எறிதல் விழுக்காடு 70.6; அந்தச் சாதனையை முறியடிக்க 2009 வரை ஒருவரும் வரவில்லை.

1982 ஜனவரி 24, மிச்சிகனின் பான்டியாக் நகரம், அந்த 1981 பருவத்தின் சூப்பர் பவுல். ஒரு பக்கம் வால்ஷும் மொன்டானாவும். மறுபக்கம் பழைய மாணவர் ஆண்டர்சன். இடைவேளையில் சின்சினாட்டி 0–20 என்று பின்தங்கியிருந்தது. திரும்பி வந்ததும் ஆண்டர்சன் தானே ஓடி முதல் டச்டவுன் எடுத்தார். பிறகு இரண்டு டச்டவுன் எறிந்தார். 34 எறிதலில் 25 சேர்ந்தன, 300 யார்டு. அன்றைய நிலையில் 25 என்பதே சூப்பர் பவுல் சாதனை. ஆட்டத்தை 26–21 என்று வால்ஷ் வென்றார். அந்த ஆட்டத்தின் பதிவு கிடைத்தால் இரண்டாம் பாதியைப் பாருங்கள். ஐந்து அடி, ஊன்று, எறி. கற்றுக்கொடுத்தவர் எதிர்ப் பக்கத்தில் நிற்கிறார். கற்ற கால்கள் தாளம் தப்பவில்லை. என்னைக் கேட்டால், வால்ஷ் வளர்த்தவர்களின் பட்டியலில் முதல் பெயர் மொன்டானா அல்ல, கென் ஆண்டர்சன்.