பேஸ் கிளாரினெட் இருக்கும் இடம்

ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘பிட்சஸ் ப்ரூ’ ஆல்பத்தை ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்க வேண்டும். இடக் காதில் ஒரு டிரம்ஸ், வலக் காதில் இன்னொன்று; எலெக்ட்ரிக் பியானோக்களும் அப்படியே பிரிந்து நின்று ஒன்றையொன்று சீண்டுகின்றன. ஆல்பத்தின் பெயரையே தாங்கிய உருப்படி 27 நிமிடம் ஓடும். தொடக்கத்தில் டிரம்பெட் சுருக்கமாக ஒரு சுரத்தை வெட்டி எறியும். எக்கோ அதை மறுபடி மறுபடி சொல்லித் தேய்க்கும். அந்தத் தேய்வும் வாசிப்பில் சேர்த்திதான். நிறைய ஊதத் தெரிந்த ஒருவர் இவ்வளவு குறைவாக ஊதுவது எனக்கு அலுப்பதே இல்லை.

பிறகு பேஸ் கிட்டார் ஒரு சின்னச் சுழற்சியைப் பிடித்துக்கொள்ள, அதன் மேல் பென்னி மாபினின் பேஸ் கிளாரினெட் வந்து சேர்கிறது. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஈர மண்ணுக்குள் எதுவோ நெளிவதுபோல, கட்டையும் காற்றும் கலந்த கரகரப்பான குரல். தனி ஆவர்த்தனம் கேட்டு முன்னால் வருவதே கிடையாது. ஆனால் ஒருமுறை அதைக் காதில் பிடித்துவிட்டால், கூச்சலாகத் தோன்றியதெல்லாம் தனித்தனியாகப் பிரிந்து கேட்கத் தொடங்கும். முதல்முறை கேட்பவர்கள் இதே ஆல்பத்தின் ‘ஸ்பானிஷ் கீ’யில் ஆரம்பிக்கலாம், அதன் தாளம் உடனே பிடிபடும்.