சோடாவில் திராட்சை ஆடுவதை எப்படி ரசிப்பது?

உயரமான கண்ணாடி டம்ளர், அப்போதுதான் திறந்த வெறும் சோடா, ஐந்தாறு உலர் திராட்சை. இவை போதும். கலர் வேண்டாம், அதன் நிறம் பார்க்க வேண்டியதை மறைத்துவிடும். சோடாவை டம்ளரின் ஓரமாகச் சரித்து ஊற்றுங்கள். பொங்கவிட்டால் வாயு அங்கேயே வீணாகிவிடும். டம்ளருக்குப் பின்னால் கறுப்பு அட்டை ஒன்றை வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி செய்யுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிய திராட்சைகளைப் பிரித்து, ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

திராட்சை நேராக அடியில் போய் உட்காரும். அது மேலே வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். என்னைக் கேட்டால், அடியில் கிடக்கும் அந்தச் சில நொடிகள்தான் முக்கியம். ஒரே ஒரு திராட்சையைக் கண்ணை எடுக்காமல் பாருங்கள். அதன் சுருக்கங்களுக்குள் வெள்ளிப் புள்ளிகள் முளைக்கும். சோடாவில் கரைந்திருக்கும் கரியமில வாயு நடுத்தண்ணீரில் தானாகக் குமிழியாவது கடினம். தொற்றிக்கொள்ள அதற்கு ஓர் இடம் வேண்டும். சுருக்கத்தில் சிக்கியிருக்கும் துளிக் காற்று அந்த இடத்தைத் தருகிறது. வாயு வந்து சேரச் சேரப் புள்ளி பெருக்கிறது. டம்ளர் சுவரில் ஓரிடத்திலிருந்து மட்டும் குமிழிகள் சரமாகக் கிளம்பினால், அங்கே ஒரு கீறலோ, துடைத்த துணியின் நூலிழையோ இருக்கக்கூடும்.

பிறகு திராட்சையின் ஒரு முனை லேசாகத் தூக்கும். தயங்கும். சட்டென்று கிளம்பிவிடும். எடை குறைந்துதான் மேலே போகிறது என்று தோன்றும். எடை குறையவே இல்லை. ஒட்டிய வாயுவின் எடையும் சேர்ந்து இம்மியளவு கூடித்தான் இருக்கிறது. பெரிதாக மாறியது பருமன். ஒரு மில்லிலிட்டர் சோடா ஏறத்தாழ 1 கிராம் இருக்கும். அதே அளவு கரியமில வாயு சுமார் 2 மில்லிகிராம்தான். குமிழிகளைச் சட்டையாகப் போட்டுக்கொண்ட திராட்சை அதிக இடத்தை அடைக்கிறது. அது விலக்கும் சோடாவின் எடை தன் எடையை மிஞ்சியதும் மேலே தள்ளப்படுகிறது. ஆர்க்கிமிடீஸ் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டுசொன்ன கணக்கு இது.

மேல்மட்டத்தில் நடப்பது இன்னும் அழகு. காற்றைத் தொட்ட குமிழிகள் உடைய, அடிப்பக்கம் ஒட்டியவை மட்டும் மிஞ்சும். திராட்சை நிலைகொள்ளாமல் புரளும். புரண்டதும் அவையும் மேலே வந்து உடையும். போதுமான அளவு உடைந்ததும் கீழே இறங்கும். காதை அருகில் வைத்தால் குமிழிகள் வெடிக்கும் சத்தமும் கேட்கும். நேரமாக ஆக வாயு குறைந்து, அடியில் காத்திருக்கும் நேரம் நீளும்.

கோலி சோடா கிடைத்தால் அதையும் பாருங்கள். ஹைராம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களில் காப்புரிமை பெற்ற பாட்டில் அது. கண்ணாடிக் கோலி தண்ணீரைப்போல இரண்டரை மடங்கு அடர்த்தியானது. அதை எந்தக் குமிழியும் தூக்கிவிடாது. ஆனாலும் கழுத்தில் ரப்பர் வளையத்தை அடைத்தபடி நிற்கிறது. அது மிதக்கவில்லை, உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் அதை நெட்டிப் பிடித்திருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தியதும் வாயு சீறி வெளியேற, கோலி கீழே விழுந்துவிடும்.

திராட்சையின் வித்தை மீனுக்கும் தெரியும். தொட்டியில் தங்கமீன் நீந்தாமல் ஒரே மட்டத்தில் நிற்பது வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையால். சுறாவுக்கு அந்தப் பை இல்லை.

கடைசியாக, ஒரு கிண்ணத் தண்ணீரில் முட்டையைப் போடுங்கள். புது முட்டை அடியில் படுத்துக்கொள்ளும். நாளாக ஆக, ஓட்டின் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறிக் காற்று புகுகிறது. இங்கே பருமன் மாறுவதில்லை, எடைதான் குறைகிறது, திராட்சைக்கு நேர்மாறு. நன்றாகப் பழையதாகிவிட்டால் மிதக்கும். மிதப்பது பழையது என்பதற்குத்தான் அடையாளம். கெட்டதா என்று தனிக் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். இரண்டுக்கும் நடுவிலுள்ள முட்டை அடியைத் தொட்டபடி செங்குத்தாக நிற்கும், அகன்ற முனை மேலே பார்க்க. காற்றறை இருப்பது அந்த முனையில்தான்.