கடன் வாங்கிய களிப்பாறை

கொச்சி உப்பங்கழியைச் சேர்ந்த மட்டாஞ்சேரிக் கால்வாயின் அடிச்சேற்றில் துத்தநாகமும் காட்மியமும் எவ்வளவு என்று அளந்து, அவ்வளவை உலகக் களிப்பாறைச் சராசரியால் வகுத்து, கிடைத்த எண்ணைக்கொண்டு அக்கழியின் மாசுநிலையைத் தீர்மானித்துவிடும் சம்பிரதாயம் ஆய்வேடுகளில் வேரூன்றிவிட்டது. எந்தத் தேசத்துச் சேற்றையும் எந்தத் தேசத்துச் சேற்றோடும் ஒப்பிட அது உதவுகிறது என்பதே அதன் ஆதரவாளர் கூறும் சமாதானம்.

அளக்கும் கருவியின்மீது எனக்குக் குறையில்லை. நூறு கோடியில் ஒரு பங்கையும் கண்டுகொள்ளும் பிளாஸ்மா நிறை நிறமாலைமானி விஞ்ஞானத்தின் மகத்தான சாதனையே. தோஷம் முழுவதும் வகுக்கும் எண்ணில் இருக்கிறது.

டியூரேக்கியனும் வெடிபோலும் 1961இல் வெளியிட்ட அட்டவணை, களிப்பாறையில் துத்தநாகம் பத்து இலட்சத்தில் 95 பங்கு என்கிறது. மூல்லர் 1969இல் ரைன் நதிப் படிவுகளுக்காக அமைத்த மாசுக் குறியெண், இயற்கை வேறுபாட்டுக்கென ஒன்றரை மடங்கு விட்டுக்கொடுக்கிறது. ஆனால் இக்கழிக்குப் பெரியாறு கொண்டுவருவது சார்னோகைட் பாறையும் செம்புரைக்கல்லும் கரைந்த வண்டல். அந்த வண்டலின் இயல்பான துத்தநாகம் 40 பங்கு என்றே வைத்துக்கொண்டால், 140 பங்கு உள்ள சேறு களிப்பாறைக் கணக்கில் மாசற்றதாகவும் உள்ளூர்க் கணக்கில் மிதமாக மாசுற்றதாகவும் முடியுமே! ஒன்றரை மடங்குச் சலுகை இந்த இடைவெளியை எவ்வாறு நிரப்பும்? இரும்பை ஆதாரமாகக் கொண்டு சரிசெய்கிறோம் என்போர், இரும்பு மலிந்த செம்புரை மண்ணில் அந்த ஆதாரமே ஏனைய உலோகங்களின் செறிவைக் குறைத்துக் காட்டும் என்பதை நினைப்பதில்லை. இதற்கும் மேலாக, இராஜதிராவகத்தில் மட்டும் சேற்றைக் காய்ச்சுகிறவர்கள், குரோமைட் போன்ற கடினக் கனிமங்களைக் கரைக்காமலே வடிதாளில் விட்டுவிட்டு, கரைந்த பகுதியை மட்டும், களிப்பாறையின் முழு அளவைத் தரும் அட்டவணை எண்ணால் வகுக்கிறார்கள்; பாதியை முழுமையால் வகுத்து வரும் விடைக்கு நிர்மலம் என்று நற்சான்று அளிப்பது, அக்கழியில் மீனும் மட்டியும் எடுத்து உண்ணும் ஜனங்களுக்கு இழைக்கும் அநீதி.

பரிகாரம் அசாத்தியமானதன்று. தூர்வாரப்படாத ஓரிடத்தில் ஆழமாகக் குழாய் இறக்கி, பெரியாற்றங்கரை ஏலூரில் உரத்தொழிற்சாலை உற்பத்தி தொடங்கிய 1947க்கும் முந்திய அடுக்கை ஈயம்-210 கொண்டு காலம் கணித்து, அதையும் மேற்சேற்றையும் ஒரே திராவகத்தில் ஒரே முறையில் கரைத்து ஒப்பிட வேண்டும். அவ்வாறு பெற்ற உள்ளூர் அடிப்படை அளவு இல்லாத எந்த மாசுக் குறியெண்ணையும் ஆய்வேட்டைப் பரிசீலிப்போர் ஏற்கலாகாது.