பேர் தெரிந்தால்தான் தேட முடியும்

வட சென்னைக்கு கேரம் ஆடக் கற்றுக்கொடுத்தது எந்தப் புத்தகமும் இல்லை. தெருவிளக்குக்குக் கீழே ஒரு போர்டு, கொஞ்சம் பவுடர், பின்னால் நின்றுகொண்டு 'அத்த வுட்டுட்டு இத்த அடிடா' என்று சவுண்டு விடுகிற நாலு அண்ணன்கள். அவ்வளவுதான் பல்கலைக்கழகம். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தாரே, புதுவண்ணாரப்பேட்டை காசிமா... அவருக்கும் கோச் அப்பாதான். ஆட்டோ ஓட்டுகிறவர்.

வியாசர்பாடி ஃபுட்பால், காசிமேட்டு போட் இன்ஜின் ரிப்பேர், எண்ணூர்-திருவொற்றியூர் ஃபேக்டரிகளின் லேத், வெல்டிங் எல்லாம் இதே கதைதான். பக்கத்தில் நின்று, பார்த்து, திட்டு வாங்கிக் கத்துக்கறது. அந்தப் பக்கத்து ஆள் இருக்கிறவரைக்கும் புத்தகம் இல்லையே என்ற குறை யாருக்கும் தெரியாது.

ஆளே இல்லாத ஒரு வித்தையைக் கற்க வேண்டுமானால்?

திருவொற்றியூரில் ஒரு பிளஸ் டூ பையன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். காசிமேட்டு லாஞ்ச் ஒன்று அலையில் ஆடி ஆடிக் கரைக்கு வருகிற மாதிரி ஒரு அரை நிமிஷ அனிமேஷன் செய்ய வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அவன் தெருவில் வெல்டர் உண்டு, எலெக்ட்ரீஷியன் உண்டு, கேரம் சாம்பியன்கூட உண்டு. அனிமேட்டர் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், மற்ற எல்லாமே அவன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. 2025 பட்ஜெட்டில், இரண்டு வருஷத்தில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு என்று அறிவித்தார்கள். ஆக, மெஷினுக்கு வழி உண்டு.

சாஃப்ட்வேரும் இலவசம். பிளெண்டர் என்று பெயர். ஹாலந்துக்காரர் டோன் ரோசண்டால் தன் ஸ்டூடியோவுக்காக எழுதியது. 2002-ல் அதை விற்றுக்கொண்டிருந்த கம்பெனி படுத்துவிட்டது. 'ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் எல்லோருக்கும் திறந்து விடலாம்' என்று முதலீட்டாளர்கள் சொல்ல, உலகம் முழுக்க ஆர்வலர்கள் உண்டியல் குலுக்கி ஏழே வாரத்தில் பணத்தைச் சேர்த்தார்கள். அன்றிலிருந்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பைசா கிடையாது.

ஓசிதானே என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். லாட்வியா என்ற குட்டி நாட்டிலிருந்து வந்த 'ஃப்ளோ' படம் பிளெண்டரில் செய்தது. 2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை, பெரிய ஸ்டூடியோக்களைத் தாண்டி வாங்கிக்கொண்டு போனது. வசனமே இல்லை. வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட ஒரு பூனையின் கதை. டிசம்பர் மாசத்து வட சென்னைக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

மெஷின், சாஃப்ட்வேர், கதை எல்லாம் ரெடி. பாக்கி ஒன்றே ஒன்று. எப்படிச் செய்வது என்று சொல்கிற பக்கம்.

*

பிளெண்டரின் அதிகாரபூர்வ மேனுவலும் இணையத்தில் இலவசம்தான். பொறுப்பாக எழுதியிருக்கிறார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். 'ரெஃபரன்ஸ் மேனுவல்' என்று பெயரிலேயே சொல்லிவிடுகிறார்கள். அந்தக் காலத்து டெலிபோன் டைரக்டரி மாதிரி. பேர் தெரிந்தால் நம்பர் கிடைக்கும்.

பேர் தெரியாதவன் என்ன செய்வான்?

பொருளடக்கத்தைப் பாருங்கள். முதலில் இன்ஸ்டால் செய்வது, பிறகு திரையின் அமைப்பு, பிறகு எடிட்டர்கள், பிறகு காட்சியும் பொருட்களும், மாடலிங், சிற்பம் செதுக்குவது, கிரீஸ் பென்சில். அனிமேஷன் எட்டாவதாக வருகிறது. பையன் வந்ததே அதற்காகத்தான். சாஃப்ட்வேரைக் கட்டினவர்களுக்கு இந்த வரிசை நியாயம். கற்க வந்தவனுக்கு, பரோட்டா கேட்டால் கோதுமை வயலிலிருந்து ஆரம்பிக்கிற கதை.

சரி, எப்படியோ எட்டாவது பகுதிக்கு வந்து, ஒரு பந்தைக் குதிக்கவைக்கப் பார்க்கிறான். அனிமேஷனில் அரிச்சுவடியே பந்துதான். ஒரு விநாடிக்கு 24 பிரேம். முதல் பிரேமில் பந்து தரையில், 12-ல் உயரத்தில், 24-ல் மறுபடி தரையில். இந்த மூன்று இடங்களைக் குறித்துவிட்டால் நடுவில் உள்ளதை மெஷினே நிரப்பிக்கொள்ளும். இப்படிக் குறிப்பதற்குப் பெயர் கீஃப்ரேம்.

ஓட்டிப் பார்க்கிறான். பந்து குதிக்கவில்லை. பலூன் மாதிரி மிதக்கிறது. தரைக்குப் பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்து, மரியாதையாகத் தொட்டுவிட்டு, மெதுவாகக் கிளம்புகிறது.

காரணம் சின்னது. மெஷின் எல்லா அசைவையும் வழவழப்பான வளைவாகவே நிரப்பும், அதுதான் அதன் பழக்கம். உச்சியில் பந்து நிதானிப்பது சரி. தரையில் நிதானிக்கக் கூடாது, பட்டென்று அடித்துத் திரும்ப வேண்டும். அந்த இடத்தில் வளைவை உடைக்க வேண்டும். கிராஃப் எடிட்டர் என்ற ஜன்னலைத் திறந்து, தரைப் புள்ளிகளின் 'ஹேண்டிலை' 'வெக்டர்' என்று மாற்றினால் பத்து விநாடி வேலை.

இதுவும் மேனுவலில் இருக்கிறது ஐயா! எங்கே? மூன்றாவது பகுதியில், எடிட்டர்கள் என்ற தலைப்புக்குள்ளே. வியாதி எட்டாவது பகுதியில், மருந்து மூன்றாவதில். 'ஹேண்டில்' என்ற சொல் தெரிந்தால் தேடி எடுக்கலாம். 'என் பந்து ஏன் பலூன் மாதிரி மிதக்குது' என்பதுதான் பையனிடம் இருக்கிற கேள்வி. அந்தக் கேள்விக்கு அகராதியில் பக்கம் இல்லை.

நான் படித்தது பி.காம். அக்கவுன்டன்சி முதல் வகுப்பில் எங்களுக்கு நூறு கணக்குத் தலைப்புகளின் பட்டியலைக் கொடுக்கவில்லை. 'உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே செல்வதை வரவு வை' என்று ஒரு வரி. உடனே ஒரு கணக்கு. 'ராமு ரொக்கத்துக்கு நாற்காலி வாங்கினான்.' நாற்காலி, ரொக்கம், முடிந்தது. பட்டியல் பிறகு வந்தது, அப்போது அது புரிந்தது.

டானியேலே புரோசிடா என்பவர் சாஃப்ட்வேர் ஆவணங்களை நாலு வகையாகப் பிரித்திருக்கிறார். கைப்பிடித்துக் கூட்டிப்போவது ஒன்று, குறிப்பிட்ட வேலையை முடிக்க வழி சொல்வது ஒன்று, தேடிப் பார்க்கிற அகராதி ஒன்று, ஏன் இப்படி என்று விளக்குவது ஒன்று. நாலும் வேண்டும், ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது என்கிறார். நம் பையனிடம் அகராதியை மட்டும் கொடுத்துவிட்டு, கதை எழுது என்கிறோம்.

*

தமிழில் யாருமே முயற்சி செய்யவில்லையா? செய்தார்கள். ஐ.ஐ.டி. பம்பாயின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம் இலவச சாஃப்ட்வேர்களுக்குச் சின்னச் சின்ன வீடியோ பாடங்கள் செய்து, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் குரல் கொடுத்தது. கும்பிட வேண்டிய காரியம். பிளெண்டருக்கும் அதில் பாட வரிசை உண்டு. ஆனால் அது 2.59 என்ற பதிப்பை வைத்துச் செய்தது. அந்தப் பதிப்பு வந்தது 2011-ல்.

2019 ஜூலையில் 2.80 வந்தபோது பிளெண்டர் தன் முகத்தையே மாற்றிக்கொண்டது. அதுவரை ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க மவுஸில் வலது பட்டன். அதன்பின் இடது பட்டன். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் முன்பு தேடும் பெட்டி வரும், பிறகு படம் ஓட ஆரம்பித்துவிடும். 'லேம்ப்' என்பது 'லைட்' ஆனது, 'லேயர்' போய் 'கலெக்‌ஷன்' வந்தது. பழைய பாடத்தைக் கேட்டு வலது பட்டனை அமுக்கினால் சம்பந்தமில்லாமல் ஒரு மெனு குதிக்கும். வேண்டுமானால் பழைய வழக்கத்துக்கே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அப்படி மாற்றலாம் என்று தெரிந்தவனுக்குப் பாடமே தேவையில்லை!

பாடம் செய்தவர்களைக் குறை சொல்லவில்லை. வீடு கட்ட ஆள் கிடைக்கும், வருஷா வருஷம் வெள்ளையடிக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

'எல்லாம்தான் யூடியூபில் இருக்கிறதே' என்பீர்கள். இருக்கிறது. ஆண்ட்ரூ பிரைஸ் என்ற ஆஸ்திரேலியர் பிளெண்டரில் டோனட் செய்யக் கற்றுக்கொடுக்கும் பாடம் உலகப் பிரசித்தம். நம் கண்ணுக்கு அது சர்க்கரைப் பாகு தடவின மெதுவடை. எதுவும் தெரியாதவனை உட்காரவைத்து, கடைசியில் கையில் ஒரு வடையோடு அனுப்புகிறார். பிளெண்டர் மாற மாற, பாடத்தையும் திரும்பத் திரும்பப் புதிதாகச் செய்கிறார். மேனுவலின் இடத்தை ஒரு தனி மனிதர் நிரப்புகிறார் என்றால், அந்த இடம் காலியாக இருந்தது என்றுதானே அர்த்தம்? அவர் பேசுவதும் ஆங்கிலம், ஆஸ்திரேலிய வேகத்தில்.

'சொந்தமாக முட்டி மோதிக் கத்துக்கறவன்தான் தேறுவான்' என்று ஒரு கட்சி உண்டு. அவர்களுக்கு ஒரு தகவல். இந்திய அனிமேஷனின் தந்தை என்று சொல்லப்படும் ராம் மோகன், மெட்ராஸ் யுனிவர்சிட்டியில் கெமிஸ்ட்ரி படித்தவர். 1956-ல் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனில் சேர்ந்தபோது, டிஸ்னியிலிருந்து வந்திருந்த கிளேர் வீக்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். தந்தைக்கே பக்கத்தில் ஒரு ஆள் தேவைப்பட்டது.

அந்த ஆளை ஃபீஸ் கட்டி வாங்கலாம். மல்டிமீடியா சென்டர்கள் இருக்கின்றன, கட்டணம் பல ஆயிரம். கணக்குப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எந்தச் செலவும் மாயமாகாது. எழுத வேண்டியவர்கள் எழுதாமல் விட்ட பத்துப் பக்கத்தின் செலவு, துறைமுகத்தில் லோடு இறக்குகிற ஒரு அப்பாவின் கணக்கில் போய் விழுகிறது.

பணம் இல்லாத வீட்டில் விழுகிற நஷ்டம் வேறு மாதிரி. பந்து மிதந்த அன்றைக்கு ராத்திரி பையன் 'மேனுவல் சரியில்லை' என்று நினைப்பதில்லை. 'இதெல்லாம் நமக்கு வராது' என்று நினைக்கிறான். லேப்டாப்பில் சினிமா பார்க்கப் போய்விடுகிறான். அவனைத் திரும்பக் கூப்பிட அந்தத் தெருவில் யாரும் இல்லை.

லேப்டாப்புக்குச் செலவழிக்கிற அரசாங்கத்துக்கு இது கொசுறு. தமிழில் பத்துப் பக்கம். எந்தப் பதிப்புக்கு, எந்தத் தேதியில் எழுதியது என்று முதல் பக்கத்தில் இருக்கட்டும். பதிப்பு மாறினால் திருத்துவதற்குச் சம்பளத்தோடு ஒருவர் இருக்கட்டும். மெதுவடையில் ஆரம்பியுங்கள், லாஞ்சில் முடியுங்கள். மூன்றாம் பக்கத்தில் மட்டும் கொட்டை எழுத்தில் ஒரு வரி வேண்டும்:

'உன் பந்து பலூன் மாதிரி மிதக்குதா? உன் தப்பு இல்லை. எல்லாருக்கும் அப்படித்தான். அடுத்த பக்கம் திருப்பு.'