'நாலு பெண்ணுங்கள்': வரிசையில் விடுபட்ட ஒரு படம்

அடூர் கோபாலகிருஷ்ணனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எல்லோரும் 'எலிப்பத்தாய'த்தில்தான் தொடங்குவார்கள். பிறகு 'முகாமுகம்', 'விதேயன்'. நம்மவர்களுக்கு வைக்கம் முஹம்மது பஷீர் சொந்தக்காரர் மாதிரி என்பதால் 'மதிலுகள்' முதலில் வருவதும் உண்டு. 2007இல் வெளிவந்த 'நாலு பெண்ணுங்கள்' அந்த வரிசையில் கடைசியில் வரும். பலவேளை வராமலே போகும். இத்தனைக்கும் சிறந்த இயக்குநருக்கான இந்திய தேசிய விருதை அந்தப் படத்துக்காக அடூர் பெற்றார். படத்தொகுப்புக்கான விருது பி. அஜித்குமாருக்குக் கிடைத்தது. அந்த விருதே படத்துக்கு வினையாகிவிட்டதோ என்று எனக்கொரு எண்ணம். "பெரிய மனுசனுக்கு மரியாதைக்குக் குடுத்தது" என்று ஒரு வார்த்தையில் மூடிவைக்க வசதியாகப் போயிற்று.

பாடசாலையில் என்னோடு படிப்பிக்கும் நண்பர் ஒருவருக்கு இந்தப் படத்தின் சீடியைக் கொடுத்தேன். நல்ல வாசகர். மூன்றாம் நாள் திருப்பித் தந்தார். "என்ன சேர் இது, டெலிநாடகம் மாதிரிக் கிடக்கு. ஒருத்தரும் சத்தம் போட்டு அழுகிறதும் இல்ல. நாலு கதைக்கும் ஒண்டுக்கொண்டு தொடர்பும் இல்ல" என்றார். படத்தின் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகள் அனைத்தும் ஏறத்தாழ இந்த மூன்று வசனத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அவருக்கு அன்று ஆசிரியர் ஓய்வறையில் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். பாடவேளை மணி அடித்துவிட்டது.

படத்தின் மூலம் தகழி சிவசங்கரப் பிள்ளையின் நான்கு சிறுகதைகள். தகழி (1912–1999) தமிழ் வாசகனுக்குப் புதியவர் அல்லர். 'செம்மீன்', 'தோட்டியின் மகன்' ஆகிய இரண்டையும் சுந்தர ராமசாமியின் தமிழில் நாம் வாசித்திருக்கிறோம். ஆனால் 'செம்மீன்' வழியாக மட்டும் தகழியை அறிந்தவர்கள் இந்தப் படத்தில் தடுக்கி விழுவார்கள் என்றே நினைக்கிறேன். 'செம்மீ'னில் கடல் இருக்கிறது. கரையில் இருப்பவளின் கற்பு கடலில் போனவனின் உயிரைக் காக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது. அவள் பிழைத்தால் கடலம்மா தண்டிப்பாள். ராமு காரியாட் 1965இல் அதைப் படமாக்கியபோது பாட்டும் அலையும் நிறமுமாக அந்த நம்பிக்கையை ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அடூர் எடுத்துக்கொண்ட தகழி வேறொருவர். இங்கே தண்டிப்பதற்குக் கடல் வருவதில்லை. பொலிஸ்காரன் வருகிறான், நீதவான் வருகிறார், பக்கத்து வீட்டுக்காரி வருகிறாள், கூடப்பிறந்த தங்கச்சி வருகிறாள். தகழி அம்பலப்புழையில் வக்கீலாகத் தொழில் பார்த்தவர் என்பதை மறந்துவிடக் கூடாது. சட்டம் ஏழையிடம் என்ன மொழியில் கேள்வி கேட்கும் என்பது அவருக்குக் காது கேட்ட விஷயம்.

முதற்கதையின் மூலத் தலைப்பு 'ஒரு சட்டமீறலின் கதை' என்று பொருள்படும். குஞ்ஞுபெண்ணு (பத்மப்ரியா) தெருவில் உடலை விற்றுப் பிழைத்தவள். பப்புக்குட்டி என்ற கூலியாளோடு சேர்ந்து வாழ முடிவெடுக்கிறாள். இருவரும் உழைக்கிறார்கள், சமைத்துச் சாப்பிடுகிறார்கள். வீடில்லாததால் திண்ணையில் படுக்கிறார்கள். ஒருநாள் இரவு பொலிஸ் பிடித்துக்கொண்டு போகிறது. தெருவில் ஒழுக்கக்கேடு என்று வழக்கு. நாங்கள் புருசன் பெண்சாதி என்கிறார்கள். அத்தாட்சி என்ன என்று மன்று கேட்கிறது. எங்கே கட்டினீர்கள், யார் பார்த்தது, உன் தகப்பன் பெயர் என்ன? அவளிடம் பதில் இல்லை.

இந்தக் காட்சியில் அடூர் ஒரு சொட்டுக் கண்ணீரையும் பிழிந்தெடுக்கவில்லை. நீதவான் வில்லனும் அல்லர். சலிப்போடு, அலுவலகத் தொனியில் கேட்கிறார். கேள்விகள் நியாயமான கேள்விகள்தான். அதுதான் பயங்கரம். என் நண்பர் 'டெலிநாடகம்' என்றது இந்த அசைவற்ற படப்பிடிப்பைத்தான். ஆனால் கமரா ஓடியிருந்தால், இசை எழுந்திருந்தால், நாம் அவள் பக்கம் சாய்ந்து அழுதுவிட்டு மனம் ஆறியிருப்போம். அடூர் நம்மை அந்த மன்றின் வாங்கில் உட்கார வைக்கிறார், எழும்பிப்போக விடுவதில்லை.

எனக்கு இந்த இடம் கூடுதலாக உறைக்கக் காரணம் இருக்கிறது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பல வருடம் படிப்பித்தவன் நான். உடுத்த உடுப்போடு வந்த தாய்மாருக்குப் பிறகு ஒவ்வொரு படிவத்திலும் ஒரு கேள்வி காத்திருந்தது: விவாகப் பதிவு எங்கே? இருபது வருடம் ஒருவனோடு குடும்பம் நடத்திப் பிள்ளைகளைப் பெற்றவள், கந்தோர் மேசைக்கு முன்னால் நின்று நான் கலியாணம் முடித்தவள்தான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. குட்டநாட்டுத் திண்ணையும் நம்முடைய முகாமும் ஒன்றல்ல. கேள்வி கேட்பவரின் குரல் ஒன்றுதான்.

இரண்டாவது கதை 'கன்னி'. என் கணக்கில் படத்தின் உச்சம் இது. குமாரி (கீத்து மோகன்தாஸ்) வயலில் கூலிவேலை செய்பவள். தகப்பன் ஒருநாள் மகளைப் பார்த்து, இவளுக்குக் காலம் வந்துவிட்டது என்று விழித்துக்கொள்கிறார். நாராயணன் என்ற வியாபாரி மாப்பிள்ளையாக வருகிறான். நந்து நடித்திருக்கிறார். அவன் சாப்பிடுவதை அடூர் முழுசாகக் காட்டுகிறார். சோறு வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. பரிமாறுகிறவர்களின் முகம் மாறுகிறது. முதலில் சிரிப்பு வரும். பிறகு சிரிப்பு நின்றுபோகும். ஏனென்றால் இந்த மனிதனுக்கு இருக்கிற ஒரே பசி இதுதான் என்று நமக்கு மெல்ல விளங்குகிறது. கடைக்குப் போகிறான், வருகிறான், உண்கிறான், படுத்துத் தூங்குகிறான். பக்கத்தில் ஒருத்தி கிடக்கிறாள் என்ற நினைப்பே இல்லை. சில நாளில் அவளைப் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விடுகிறான், திரும்பி வருவதில்லை. ஊர் என்ன செய்யும்? அவளில்தான் ஏதோ பிழை என்று கதைகட்டுகிறது. கடைசியில் குமாரி வாய் திறக்கிறாள்: அந்தக் கலியாணம் நடக்கவே இல்லை.

வேறொரு இயக்குநரிடம் இது கைதட்டலுக்கான வசனம். கீத்து மோகன்தாஸ் அதைச் சொல்கிற விதத்தில் ஒரு தகவலைச் சொல்கிற அமைதிதான் இருக்கிறது. நான் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிறுகதை படிப்பிக்கும்போது அந்தச் சாப்பாட்டுக் காட்சியைக் காட்டுவதுண்டு. 'அவன் பேராசைக்காரன்' என்று கதைசொல்லி எழுதாமலே எப்படி எழுதுவது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒருமுறை பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை கேட்டாள், "சேர், அவர் ஏன் அப்படி?" படம் அதைச் சொல்வதில்லை. காரணத்தைச் சொல்லியிருந்தால் கதை நாராயணனுடையதாகப் போயிருக்கும், அவனுடைய நோய் என்ன, குறை என்ன என்று நாமும் ஊரோடு சேர்ந்து ஆராயத் தொடங்கியிருப்போம்.

இப்போது தொடர்பில்லை என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். முதல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குஞ்ஞுபெண்ணுவுக்கு இல்லறம் இருந்தது, சாட்சி இல்லை. குமாரிக்கு ஊரே சாட்சி, பந்தலே சாட்சி, இல்லறம்தான் இல்லை. சட்டம் முன்னையதை இல்லை என்கிறது, பின்னையதை உண்டு என்கிறது. ஒருத்தி நடந்ததை நடந்தது என்று நிறுவ முடியாமல் தோற்கிறாள். மற்றவள் ஊர் நடந்தது என்பதை நடக்கவில்லை என்கிறாள். பாத்திரங்கள் ஒரு கதையிலிருந்து மற்றக் கதைக்கு நடந்து போவதில்லை என்பது உண்மை. கேள்வி நடந்து போகிறது. அதோடு படம் படிப்படியாக மேலேறுகிறது: தெரு, கூலிக் குடிசை, நடுத்தர வீடு, பிறகு வசதியான தறவாடு. கூரை உறுதியாக உறுதியாகப் பெண்ணின் நிலை உறுதியாகிறதா என்று சோதித்துப் பார்க்கிற வரிசை இது. கதைகளைப் பின்னிப் பின்னிப் பார்வையாளனை அசத்துகிற படங்கள் அதற்குள் நிறைய வந்துவிட்டன. அந்தப் பழக்கத்தில் இதைப் பார்த்தால் பிடிபடாது.

மூன்றாவது, 'சின்னு அம்மா', நான்கில் எளியது. பிள்ளையில்லாத மனைவி (மஞ்சு பிள்ளை), நல்ல புருசன் (முரளி), தமிழ்நாட்டுக்கு ஓடிப்போய்த் திரும்பி வந்திருக்கும் பழைய பள்ளித்தோழன் நாராபிள்ளை (முகேஷ்). உனக்குப் பிள்ளை தருகிறேன் என்று அவன் சொல்கிற நியாயங்கள் கேட்கக் கேட்க இனிப்பாக இருக்கின்றன. அவள் தடுமாறுகிறாள், பிறகு மறுக்கிறாள். இதைப் 'பத்தினித்தனத்துக்கு வக்காலத்து' என்று படித்தவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளுக்கு ஆசை இருக்கிறது என்பதைப் படம் மறைக்கவில்லை. ஆசையும் அவளுடையது, மறுப்பும் அவளுடையது. ஆனாலும் முகேஷின் நகைச்சுவைப் பழக்கம் சில இடங்களில் காட்சியின் பாரத்தைக் குறைத்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முதற்கதையில் தெருவாசிகளின் உடுப்பு கொஞ்சம் கூடுதலாக வெளுத்திருப்பதும் கண்ணை உறுத்தும்.

நான்காவது கதையில் நந்திதா தாஸ் காமாட்சி. பெண் பார்க்க வந்தவனுக்குத் தங்கை சுபத்திராவைப் (காவ்யா மாதவன்) பிடித்துப்போகிறது. தங்கை போகிறாள். தம்பிக்கும் கலியாணம் நடக்கிறது. அக்கா வீட்டிலேயே இருக்கிறாள், ஒரு தளபாடம் போல. தாயாக வருபவர் கே.பி.ஏ.சி. லலிதா. 'மதிலுக'ளில் சுவருக்கு அப்பாலிருந்து கேட்கும் நாராயணியின் குரல் அவருடையதுதான். அங்கே முகம் இல்லாத குரலாக இருந்தவர் இங்கே குரல் அடங்கிய முகமாக இருக்கிறார். தாய் மௌத்தானதும் காமாட்சி தங்கை வீட்டுக்குப் போகிறாள். பிள்ளைகள் பெரியம்மாவோடு ஒட்டிக்கொள்கிறார்கள். அதுவே பிழையாகிறது. தங்கையின் கண்ணில் சந்தேகம் விழுகிற கணத்தை அடூர் பெரிதாக்குவதில்லை. ஒரு வீட்டில் அரிசி அளக்கிற சத்தம் மாறினால் எப்படித் தெரியுமோ அப்படித் தெரிகிறது. காமாட்சி திரும்பி வந்து தனியே வாழ முடிவெடுக்கிறாள்.

இந்தப் பெண்களைச் செயலற்றவர்கள் என்பாரும் உண்டு. அவர்கள் ஊர்வலம் போகவில்லை, உண்மைதான். 1940களிலிருந்து 1960கள் வரையான குட்டநாட்டில் தனியே ஒரு வீட்டில் விளக்கேற்றிக்கொண்டு இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதைக் கிராமத்தில் பிறந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை. நம் ஊர்களில் கலியாணம் முடிக்காமல் இருந்துவிட்ட பெண்ணை இன்றைக்கும் எந்தச் சொல்லால் குறிக்கிறோம் என்று ஒருதரம் காது கொடுத்துக் கேட்டால் போதும்.

எம். ஜே. ராதாகிருஷ்ணனின் ஒளிப்பதிவில் தண்ணீர் எங்கும் இருக்கிறது. ஆனால் அது அழகுக்காக வருவதில்லை. போக்குவரத்துக்காக, குளிக்க, வேலைக்குப் போக வருகிறது. கேரளத்துச் சுற்றுலா விளம்பரங்களில் வருகிற அதே காயல்தான், யாரும் அதை நின்று பார்ப்பதில்லை. ஐசக் தோமஸ் கொட்டுகாப்பள்ளியின் இசையும் தேவைக்கு வந்து ஒதுங்கிவிடுகிறது. முழுப்படமும் ஒன்றேமுக்கால் மணித்தியாலம்தான். நாலு கதை, கதைக்கு அரைமணித்தியாலம்கூட இல்லை. மெதுவான படம் என்று சொல்கிறவர்கள் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுச் சொல்வது நல்லது.

அடுத்த வருடமே அடூர் தகழியின் இன்னும் நான்கு கதைகளை எடுத்து 'ஒரு பெண்ணும் ரெண்டாணும்' செய்தார். அதைப் பற்றிப் பேசுவோர் இன்னும் குறைவு. இரண்டையும் சேர்த்துப் பார்க்க விரும்புகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். சீடியை நண்பரிடம் மறுபடி கொடுத்திருக்கிறேன், இரண்டாவது கதையை மட்டும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் பாருங்கள் என்று சொல்லி.