மலையடிவாரத்து மைல்கற்கள்

ஒரு கம்பெனியின் சரித்திரத்தை எழுத நம்மவர்களுக்குச் சுலபமான வழி ஒன்று கைவசம் இருக்கிறது. 'முதல்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் பின்னால் ஆண்டுகளை வரிசையாக அடுக்கிவிட்டால் போதும். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள். 1935-ல் ஸ்தாபனம். 1937-ல் முதல் படம் 'சதி அகல்யா'. 1938-ல் மலையாள மொழியின் முதல் பேசும் படம் 'பாலன்'. 1956-ல் தமிழின் முதல் முழுநீள வர்ணப் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. 1961-ல் மலையாளத்தின் முதல் வர்ணப் படம் 'கண்டம் பெச்ச கோட்டு'. மொத்தத்தில் நூறு படங்களுக்கு மேல்.

கணக்கில் பிழை இல்லை. ஆனால் மைல்கல் தூரத்தை மட்டும்தான் சொல்லும். வழியில் என்ன பார்த்தோம், எதைப் பார்க்காமல் வந்துவிட்டோம் என்பதை அதனிடம் கேட்க முடியாது. நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். ஒரு சினிமாக் கம்பெனியைப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுகிற கேள்வி ஒன்றுதான்: இவர்கள் கதைகளை எங்கிருந்து எடுத்தார்கள்?

ஸ்தாபகர் டி. ஆர். சுந்தரம் இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில், நெசவுத் தொழில் நுட்பம் படித்தவர். படித்ததற்கும் செய்ததற்கும் சம்பந்தமில்லை என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில், சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், அவர் ஸ்டூடியோவை ஓர் ஆலையைப் போலவே நடத்தினார். நடிகர்களும் எழுத்தாளர்களும் மாதச் சம்பளக்காரர்கள். நேரத்துக்கு வேலை, நேரத்துக்குச் சம்பளம். முதலாளி அவரே, பல படங்களுக்கு டைரக்டரும் அவரே. ஆலைக்கு நூல் வெளியூரிலிருந்து வரும், துணி மட்டும் இங்கே நெய்யப்படும் அல்லவா? இங்கேயும் நூல் வெளியூரிலிருந்துதான் வந்தது.

பி. யு. சின்னப்பா இரட்டை வேஷத்தில் நடித்த 'உத்தம புத்திரன்' (1940) பிரெஞ்சு ஆசிரியர் டூமாவின் சரக்கு. 'மனோன்மணி' (1942) சுந்தரம் பிள்ளையின் நாடகம். அந்த நாடகத்துக்கே மூலம் லிட்டன் பிரபு எழுதிய ஆங்கிலக் கதை. 1950-ல் வந்த 'பொன்முடி' பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்'. அதே ஆண்டில் வந்த 'திகம்பர சாமியார்' வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல். அலிபாபாவோ அரபு நாட்டான்.

இரவல் வாங்குவது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. கம்பனே வால்மீகியிடம் கடன்பட்டவன்தான். வாங்கிய நூலைக் கொண்டு என்ன நெய்தார்கள் என்பதுதான் விஷயம். 'திகம்பர சாமியா'ரில் நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷமாகப் போட்டுக்கொண்டு வருவார். அடுத்து என்ன வேஷம் என்ற ஆவலில் கதையின் முடிச்சுகளை நாம் மறந்தே போகிறோம். பொழுது நன்றாகப் போகும். அதற்கு மேல் அந்தப் படத்திடம் கேட்பது நியாயமல்ல.

ஆனால் 1950-ல் வந்த இன்னொரு படத்திடம் நிறையக் கேட்கலாம். அதுதான் 'மந்திரி குமாரி'. என் அபிப்பிராயத்தில் அந்தக் கம்பெனியின் உண்மையான மைல்கல் அதுதான். ஆனால் அது எதிலும் 'முதல்' அல்ல.

இருபத்தாறு வயதைத் தொட்டுக்கொண்டிருந்த மு. கருணாநிதி நாடகமாக எழுதி, பிறகு திரைக்கு வசனம் தந்த கதை. கேமராவுக்குப் பின்னால் நின்றவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். அவரோடு சுந்தரமும் டைரக்ட் செய்தார். கதையின் வேர் குண்டலகேசி. ஐம்பெருங் காப்பியங்களில் ஒன்றென்று பேரே தவிர, சில பாடல்கள் நீங்கலாக மற்றதெல்லாம் அழிந்துபோன பௌத்த நூல். வணிகர் குலப் பெண் ஒருத்தி, கொலைத் தண்டனைக்கு இழுத்துச் செல்லப்படும் கள்ளனைக் கண்டு காதலித்து, அவனை மீட்டு மணக்கிறாள். ஒரு நாள் ஊடலில் அவனைக் கள்ளன் என்று சொல்லிவிடுகிறாள். அவன் அதை மனசில் வைத்துக்கொண்டு அவளை மலை உச்சிக்கு அழைத்துப் போகிறான், தள்ளிக் கொல்ல. சாவதற்கு முன் உங்களை வலம் வந்து வணங்குகிறேன் என்று சொல்லி, பின்புறம் வந்தபோது அவனையே அவள் தள்ளிவிடுகிறாள்.

படத்தில் கள்ளன் ராஜகுருவின் மகன் ஆகிறான், பெண் மந்திரியின் மகள் ஆகிறாள். எம்.ஜி.ஆர். கதாநாயகன். வாள்வீச்சும் உண்டு. ஆனாலும் படம் முடிந்து வீட்டுக்கு வரும்போது நம்மோடு கூட வருகிறவள் மாதுரி தேவிதான். அந்த மலை உச்சிக்குப் போகிற வழியில் ஒரு பாட்டு. ஜி. ராமநாதன் இசையில், திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. எஸ். ஏ. நடராஜன் எத்தனை அன்பாக அவளைக் கூப்பிடுகிறார்! அவன் கொல்லப் போகிறான் என்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. மெட்டில் ஒரு துளி விஷமும் இல்லை. அதனால்தான் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. கதாநாயகன் அந்த இடத்தில் இல்லை, தேவையும் இல்லை. நூறு கத்திச் சண்டைகள் செய்யாததை இரண்டு பேர் மலையேறுவது செய்துவிடுகிறது.

இவ்வளவு செய்த படம் பிறகு ஓர் இடத்தில் தயங்கிவிட்டது. காப்பியத்துப் பெண் கணவனைத் தள்ளிய பிறகு சாகவில்லை. துறவு பூண்டு, ஊர் ஊராக வாதம் செய்து, கடைசியில் புத்த தர்மத்தில் சேர்கிறாள். படத்துப் பெண் சபைக்கு வந்து உண்மையைச் சொல்லி ராஜகுருவின் கையால் மடிகிறாள். கணவனைக் கொன்றவள் உயிரோடு இருந்து கேள்வி கேட்பதை, ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கவிஞர் ஏற்றுக்கொண்டார். 1950-ன் டிக்கெட் கவுண்டர் ஏற்றுக்கொள்ளவில்லை.

வர்ணத்துக்கு வருவோம். 'அலிபாபா'வில் கேவா கலர் எதற்குப் பயன்பட்டது? குகை நிறையப் பொன்னும் மணியும் காட்ட, பானுமதியின் உடைகளைக் காட்ட. ரசிகர்களுக்குத் திருவிழாதான். ஐந்து ஆண்டு கழித்து அதே ஸ்தாபனம், அதே சுந்தரத்தின் டைரக்‌ஷனில், மலையாளத்துக்கு முதல் வர்ணப் படம் தந்தபோது எதை எடுத்தது? ஓர் ஏழைக் கிழவர், ஹஜ் யாத்திரைக்காகக் காசு சேர்த்துவைக்கும் ஒட்டுப்போட்ட கோட்டு. தமிழனுக்குப் புதையல், மலையாளிக்குக் கிழிசல்! கிழிசலுக்கும் வர்ணம் உண்டு என்று தெரிந்திருந்த முதலாளி, தமிழ் ரசிகனிடம் அதைச் சொல்லிப் பார்க்கவில்லை. தமிழ் ரசிகன் கேட்கவும் இல்லை. பழி இருவருக்கும் பாதிப் பாதி.

இப்போது தலையை நிமிர்த்தி மலையைப் பார்க்க வேண்டும். ஸ்டூடியோவின் முதுகுக்குப் பின்னால் சுமார் 5,300 அடி உயரத்துக்குச் சேர்வராயன் மலை நிற்கிறது. அதன் உச்சியிலும் ஒரு குகை உண்டு. குறுகலான, இருண்ட குகை. அதற்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். மலையாளி என்று பெயர் பெற்ற மலைவாழ் மக்கள் ஆண்டுதோறும் அங்கே திருவிழா எடுக்கிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் புறப்பட்டு வந்து மூன்று மலைகளில் குடியேறினார்கள் என்பது அவர்களுடைய வாய்வழிக் கதை. டூமாவுக்கு வாய்த்திருந்தால் மூன்று பாகம் எழுதியிருப்பார். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்து நட்டார். காடு தோட்டமாயிற்று, காட்டுக்காரன் கூலியானான். பிறகு பாக்ஸைட்டுக்காக மலையையே வெட்டினார்கள். இத்தனையும் கூப்பிடு தூரத்தில் நடந்தது. கம்பெனியின் பேர்பெற்ற படங்களில் ஒன்றுகூட இதைத் தொடவில்லை. மலை அவர்களுக்குப் பின்னணிப் படுதா. கள்வர்கள் ஒளிய ஒரு பாறை, காதலர்கள் பாட ஒரு சரிவு, அவ்வளவுதான்.

சினிமாக் கம்பெனி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் 'அலிபாபா' வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1955 ஜூலையில், அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி தம் டிஸ்னிலாந்தைத் திறந்தார். அவரும் இரவல்காரர்தான். கிரிம் சகோதரர்களின் கதையை எடுத்து 1937-ல் 'ஸ்நோ ஒயிட்' செய்தவர். அந்தக் கேளிக்கைப் பூங்காவுக்குள் நுழைந்தவுடன் முதலில் வருகிற கடைவீதியை எதைப் பார்த்துக் கட்டினார்? சிறு பையனாக இருந்தபோது தாம் வசித்த மார்ஸலின் என்ற சின்ன ஊரின் தெருவை நினைத்துக்கொண்டு. அது சர்க்கரை தடவிய தெருதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ராஜகுமாரிகளின் கோட்டைக்குப் போகிறவன் அவருடைய சொந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். வியாபாரிக்கும் அந்த நினைப்பு வந்திருக்கிறது.

1963-ல் சுந்தரம் காலமானார். அவருடைய மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்றார். 'இரு வல்லவர்கள்', 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' என்று ஜெய்சங்கர் துப்பாக்கியோடு ஓடிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை நூல் ஜேம்ஸ்பாண்டின் ஊரிலிருந்து. 1980-களின் தொடக்கத்தில் ஆலை நின்றுவிட்டது. ஸ்டூடியோ இருந்த நிலத்தில் இன்று வீடுகள். நுழைவாயில் வளைவு மட்டும் சாலையோரம் நிற்கிறது. அதன் முன்னால் போட்டோ எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

சுந்தரத்தின் கட்டுப்பாடும் துணிச்சலும் சாமானியமல்ல. சென்னையை நம்பாமல் ஒரு மாவட்டத் தலைநகரில் இத்தனையையும் நடத்திக் காட்டிய மனிதருக்கு வளைவு மட்டும் போதாது. ஆனால் அந்த வளைவை வணங்குவதோடு நம் வேலை முடிந்துவிடவில்லை. அவர் விட்டுப்போன கதை அதே சாலையில்தான் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போதும். கேமரா இன்று எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது. ஏறத்தான் ஆள் வேண்டும்.