யதார்த்தம் யாருடைய இருக்கையில்? கார்ப்பந்தய சிமுலேட்டர்களை முன்வைத்து

1

யதார்த்தவாதம் செத்துவிட்டது என்று தமிழ்ச் சிறுபத்திரிகைகள் அறிவித்து முப்பது வருஷம் ஆகிவிட்டது. அறிவித்தவர்களில் சிலர் பிறகு யதார்த்த நாவல்களே எழுதினார்கள் என்பது வேறு கதை. செத்ததாகச் சொல்லப்பட்ட அது இன்று எங்கே நடமாடுகிறது என்று கேட்டால், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக் கூடத்தில் என்பேன்.

உறவுக்காரப் பையன். வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்த வேலை. அப்பா தறியை விட்டபிறகு தறிக்குழியைப் பலகை போட்டு மூடிவிட்டார்கள். அந்தப் பலகையின் மேல்தான் பையன் பழசாக வாங்கிய ஸ்டீயரிங் செட்டை வைத்திருக்கிறான். அப்பாவின் கால் மிதிகட்டையில் இருந்த இடத்துக்கு நேர்மேலே மூன்று பெடல்கள். "என்னடா, வேலை விட்டு வந்ததும் கேமா?" என்று கேட்டேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கேம் இல்ல மாமா, சிம்மு. நீங்க பிரவுசிங் சென்டர்ல ஆடின ரோடு ராஷ் எல்லாம் ஆர்கேடு. அத யார் வேணா ஓட்டலாம். இதுல பிரேக்க கொஞ்சம் முன்ன பின்ன மிதிச்சா வண்டி சுத்திரும்."

இந்த எதிர்வைக் கவனியுங்கள். ஒருபக்கம் சிம், இன்னொருபக்கம் ஆர்கேடு. நம் சூழலில் தீவிர எழுத்து, வணிக எழுத்து என்று கோடு போட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. இரண்டு இடத்திலும் ஒரே அளவுகோல்தான்: கடினமாக இருப்பதே உண்மை, சுலபமாக இருப்பது பொய். 1998இல் பாபிரஸ் நிறுவனம் வெளியிட்ட 'கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ்' என்ற விளையாட்டை ஓட்டவே முடியவில்லை என்று பலர் தூக்கிப் போட்டார்கள். அது விற்கவில்லை. விற்காததனாலேயே அது இந்த உலகத்தின் செவ்வியல் பிரதி ஆனது. ஒரு சின்னக் கூட்டம் வருஷக்கணக்கில் அதைத் திருத்தி, மெருகேற்றிக் காப்பாற்றியது. முன்னூறு பிரதி அச்சடிக்கும் நமக்கு அவர்கள் அந்நியர்கள் இல்லை. மறுபக்கம், 1997இல் ஜப்பானிலிருந்து வந்த 'கிரான் டூரிஸ்மோ' தன்னை 'நிஜமான ஓட்டும் சிமுலேட்டர்' என்று விளம்பரப்படுத்திக்கொண்டே லட்சக்கணக்கில் விற்றது. ஆக, யதார்த்தம் என்ற சொல்லுக்குச் சந்தையிலும் மதிப்பு உண்டு, சந்தைக்கு எதிராகப் பேசுகிறவர்களிடத்திலும் மதிப்பு உண்டு. இப்படி இரண்டு பக்கமும் செல்லுபடியாகும் சொல்லைச் சந்தேகிப்பது விமர்சகன் வேலை.

2

இந்த யதார்த்தம் எப்படிச் செய்யப்படுகிறது?

முதலில் பாதை. 2008இல் தொடங்கிய 'ஐரேசிங்' உலகப் பந்தயப் பாதைகளை லேசர் கொண்டு அளந்து, மேடு பள்ளங்களை மில்லிமீட்டர் கணக்கில் கணினிக்குள் கொண்டுவந்தது. இருக்கட்டும். ஆனால் லேசர் அளப்பது ஒரு குறிப்பிட்ட நாளின் பாதையை. மழையும் வெயிலும் லாரியும் அடுத்த நாளே அதை மாற்றிவிடும். அளந்த அந்த நாள் நித்தியமாகிறது.

அடுத்தது டயர். சிமுலேட்டரின் உயிர் இதில்தான். டயரும் தரையும் தொட்டுக்கொள்கிற உள்ளங்கையளவு இடத்தில் நடப்பதை இயற்பியலின் அடிப்படை விதிகளிலிருந்து மட்டும் கணக்கிட்டு எடுப்பது பெரும்பாடு. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பசெய்க்கா 1980களில் ஒரு வழி சொன்னார். சோதனையில் கிடைத்த அளவுகளின் மேல் பொருந்துகிற மாதிரி ஒரு வளைகோட்டை வரைந்துகொள்வது. ஏன் அந்த வடிவம் என்பதற்குப் பெளதிகக் காரணம் கிடையாது, ஆனால் பொருந்துகிறது. அதனால் அதற்கு வைத்த பெயரே 'மாயச் சூத்திரம்'. வாகனப் பொறியியலும் பல சிமுலேட்டர்களும் இந்தச் சூத்திரத்தையும் அதன் வாரிசுகளையும் நம்பி ஓடியிருக்கின்றன. யதார்த்தத்தின் அடித்தளத்தில் மாயம் என்று பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது. ஒட்டியவர்கள் நாம் அல்ல, பொறியாளர்கள்.

மூன்றாவது, கை. நிஜக் காரில் வண்டி வழுக்கப் போவதை ஓட்டுநர் முதலில் உணர்வது இடுப்பாலும் முதுகாலும். சிமுலேட்டர்க்காரன் உட்கார்ந்திருப்பது அசையாத நாற்காலியில். அவன் உடம்புக்கு வரவேண்டிய செய்தியெல்லாம் கண் வழியாகவும் ஸ்டீயரிங் நடுக்கத்தின் வழியாகவும் மட்டுமே வரமுடியும். எனவே 2014இல் வந்த 'அசெட்டோ கோர்சா' மாதிரி நிஜத்துக்குப் பேர்போன விளையாட்டில்கூட, நிஜ ஸ்டீயரிங்கில் வராத அதிர்வைக் கூட்டிக்கொள்ளத் தனித்தனித் திருகுகள் உண்டு. பாதையோரக் கல்லுக்கு ஒன்று, சாலைக்கு ஒன்று, வழுக்கலுக்கு ஒன்று. நிஜம் மாதிரி இருக்கவேண்டுமானால் நிஜத்தில் இல்லாததைச் சேர்க்கவேண்டும் என்று ஆகிறது.

ரோலன் பார்த் 1968இல் 'யதார்த்த விளைவு' பற்றிப் பேசினார். ஃபிளாபேரின் கதையில் சுவரில் தொங்கும் ஒரு காற்றழுத்தமானி கதைக்கு எதுவும் செய்வதில்லை. 'நான் நிஜம்' என்று சொல்வதற்காகவே அங்கே தொங்குகிறது என்றார். ஸ்டீயரிங்கின் கூட்டிவைத்த நடுக்கமும் அப்படி ஒரு காற்றழுத்தமானிதான். ஆனால் இதற்குப் பாரீசுக்குப் போகவேண்டியதில்லை. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்ததே புலனெறி வழக்கம் என்று தொல்காப்பியம் வகுத்து வைத்திருக்கிறது. தமிழ் எம்.ஏ. வகுப்பில் இதை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தோம். உலகம் அப்படியே பாட்டுக்குள் வருவதில்லை, ஒரு வழக்கின் வழியாகத்தான் வருகிறது என்பதே அதன் சாரம். சிம்காரர்களின் யதார்த்தமும் ஒரு புலனெறி வழக்கம். அதை உலகியல் வழக்கு என்று அவர்கள் நம்புவதில்தான் சிக்கல்.

3

பிரதிக்கும் மூலத்துக்குமான உறவு இங்கே எப்படித் தலைகீழாகிறது என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. தில்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவின் புத் பந்தயப் பாதையில் முதல் ஃபார்முலா 1 பந்தயம் 2011 அக்டோபர் 30இல் நடந்தது. கோட்மாஸ்டர்ஸ் நிறுவனத்தின் 'எஃப்1 2011' விளையாட்டு செப்டம்பரிலேயே கடைக்கு வந்துவிட்டது, புத் பாதை உட்பட. வெட்டல் அங்கே ஜெயிப்பதற்கு ஒரு மாதம் முன்பே உலகெங்கும் ஆயிரம் ஆயிரம் பேர் அங்கே ஜெயித்திருந்தார்கள். நிலத்துக்கு முன்பே வரைபடம் வந்துவிடுகிறது என்று பொத்ரியார் சொன்னபோது மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தவர்கள் இதை யோசிக்கலாம். 2013க்குப் பிறகு ஃபார்முலா 1 அங்கே வரவில்லை. அந்தப் பழைய விளையாட்டுகளில் மட்டும் இன்னும் பந்தயம் நடந்துகொண்டிருக்கிறது.

ஆனால் பொத்ரியாரோடு நான் நின்றுவிட விரும்பவில்லை. எல்லாமே பிம்பம் என்று சொல்லி முடித்துக்கொள்வது சுகமான முடிவு. அந்த முதல் பந்தயத்துக்கான பயிற்சியின்போது ஒரு தெருநாய் பாதைக்குள் வந்துவிட, வண்டிகளை நிறுத்தவேண்டியதாயிற்று. விளையாட்டில் நாய் இல்லை. அந்த வட்டாரத்தை இணைக்கிற யமுனை விரைவுச்சாலைக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து, அதே 2011 மே மாதம் பட்டா பர்சௌல் கிராமத்தில் நடந்த மோதலில் விவசாயிகளும் போலீஸ்காரர்களும் செத்தார்கள். விளையாட்டில் அந்தக் கிராமம் இல்லை. மேடு பள்ளத்தின் உயரம் வரை அளக்க முடிந்தவர்களுக்கு எது மேடு, எது பள்ளம் என்று தேர்வு செய்யும் உரிமை இருக்கிறது. அந்தத் தேர்வுக்குப் பெயர்தான் யதார்த்தம்.

4

நம்மூர்ப் பக்கம் வருவோம். காஞ்சிபுரத்திலிருந்து சென்னை போகிற சாலையில், ஸ்ரீபெரும்புதூர் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை. அங்கே மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயப் பாதை இருக்கிறது. 1990இல் திறந்தது, 3.7 கிலோமீட்டர். அதற்கு முன்பு சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில் பந்தயம் விட்டார்கள். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005இலும் சென்னை கருண் சந்தோக் 2010இலும் ஃபார்முலா 1 வரை போனார்கள். இருவரும் மோட்டார் பந்தயம் பழக்கமான குடும்பத்துப் பிள்ளைகள்.

இதே பாதையில் 2023 ஜனவரியில் கே.இ. குமார் என்ற 59 வயது மூத்த ஓட்டுநர் இறந்தார். அதே வருஷம் ஆகஸ்டில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் இறந்தான். பதிமூன்று வயது. 'கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ்' மறுபடைப்பு செய்தது 1967ஆம் வருஷத்துப் பந்தயங்களை. அந்த வருஷம் மொனாக்கோவில் லொரென்சோ பண்டீனி எரிந்த காரில் சிக்கி மூன்றாம் நாள் இறந்தார். விளையாட்டில் எத்தனை தடவை மோதினாலும் திரும்ப ஆரம்பிக்கலாம். இது குறை அல்ல, சாகாமல் விழுந்து எழுவது நல்ல விஷயம். நான் கேட்பது வேறு. ஓட்டுநரின் சாவைக் கழித்துவிட்டு, பாதையோரம் கொடி காட்டுகிறவரையும் மெக்கானிக்கையும் டயர் செய்தவரையும் கழித்துவிட்டு, மிச்சமிருப்பதை 'முழு நிஜம்' என்று எப்படிச் சொல்கிறோம்? கார் நிஜம், மனிதர் கற்பனை என்று ஆகிவிடவில்லையா?

வரதராஜப் பெருமாள் தேரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை கொடுத்துத்தான் திருப்பவும் நிறுத்தவும் வேண்டும். கட்டை போடுகிறவர் கால் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி நிற்கும். மேலே இருக்கிற சாமியைப் பார்க்கிறோம், வடம் பிடிப்பவர்களைப் பார்க்கிறோம், கட்டை போடுகிறவரை யாரும் பார்ப்பதில்லை. முல்லைப் பாட்டுகளிலும் தலைவன்தான் பேசுகிறான். பாகன் பெரும்பாலும் கேட்டுக்கொண்டே தேர் ஓட்டுகிறான். சிமுலேட்டர் இந்த மரபுக்கு வெளியே இல்லை.

5

அப்படியானால் பையன் செய்வது வெட்டிவேலையா? இல்லை. இங்கே நான் என்னையே மறுத்துப் பேசவேண்டியிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் வண்டி ஓட்ட லைசென்ஸ், உடை, வண்டி, டயர் என்று பணம் கொட்டவேண்டும். பழைய கணினியிலும் பழைய ஸ்டீயரிங்கிலும் அவனால் பிரேக் மிதிக்கக் கற்க முடிகிறது. பிரிட்டனின் ஜான் மார்டன்பரோ 2011இல் நிசான் நடத்திய விளையாட்டுப் போட்டியில் ஜெயித்து நிஜப் பந்தய ஓட்டுநர் ஆனார். 2023இல் அதைப் படமாகவும் எடுத்தார்கள். கதவு கொஞ்சம் திறந்தது உண்மை. அதே நிசான், ரெனோவுடன் சேர்ந்து 2010இல் நம் மாவட்டத்து ஒரகடத்தில் தொழிற்சாலை திறந்தது. இங்கே எங்கள் பையன்களுக்குத் திறந்த கதவு அசெம்பிளி லைன் பக்கம். இரண்டு கதவும் ஒரே சுவரில் இருக்கின்றன.

இதைப் பந்தயக் காருக்கு மட்டும் சொல்லவில்லை. காஞ்சிப் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு வந்தது. சரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று சொல்லக் கருவி இருக்கிறது. கோர்வை அசலா என்று புடவையைத் திருப்பிப் பார்க்கிறார்கள். அந்தக் கோர்வைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரை நாடாவை எறிந்தவர் யார், கூலி எவ்வளவு என்று சொல்லும் கருவி எந்தக் கடையிலும் இல்லை. ஒரு காலத்தில் அப்படி எறிந்தவர்களில் பலர் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள்.

நம் எழுத்தும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. வட்டார வழக்கை லேசர் வைத்து அளந்த மாதிரி எழுதுகிற நாவல்கள் வருகின்றன. தறியின் ஒவ்வொரு உறுப்புக்கும் பெயர் தெரிகிறது, சாப்பாட்டின் வாசனை வருகிறது. பாவு யார் கொடுத்தது, முன்பணம் யாரிடம் வாங்கியது, மகன் ஏன் தறியில் உட்காரவில்லை என்று தேடினால் பக்கம் காலியாக இருக்கிறது. விவரங்கள் கூடக்கூட உறவுகள் காணாமல் போகின்றன. யதார்த்தவாதத்தை நாம் புதைத்திருக்க வேண்டியதில்லை, அது யாருடைய இருக்கையிலிருந்து பார்க்கிறது என்று கேட்டிருந்தால் போதும்.

கிளம்பும்போது பையனிடம் கேட்டேன், "இதுல உங்க கம்பெனி செய்யுற பார்ட்டு எங்கடா வருது?" அவன் யோசித்தான். "தெரியல மாமா. கழட்டிப் பாக்க முடியாது" என்றான். பலகைக்கு அடியில் தறிக்குழி அப்படியே இருக்கிறது. தூர்க்கவில்லை.